மதிலைத் தள்ளிக் கட்டியவள்

– பொட்டிய இப்படி வையி கண்ணு, பல்லடம் பஸ்ஸு இன்னும் வரல. இப்பச் சொல்லு. ஒரு வாரமா காலேசுக்குப் போகாம அந்தக் கம்ப்யூட்டர்க் கடையில என்ன சோலி உனக்கு?

– காலேசுக்குப் போனேனுங்கப்பா. மத்தியானத்துக்கு மேலதான் போகல.

– வார்டன் அம்மா கடுதாசி போட்டிருக்குதே! 'உங்க மக கலாமணி பஷீர் பாய் கடையே கதின்னு கெடக்கறா'ன்னு. பத்தாவது வார்டு மெம்பர் மாரப்பன் மகளப் பத்தி இப்படி ஒரு கடுதாசி வந்தா நான் எப்படி ஊருக்குள்ள தலையத் தூக்கிட்டு நடக்கறது? படிச்ச வரைக்கும் போதும், ஊட்டுக்கு நட.

– நான் ஒரு ஊருக்குத் தலைவருங்கப்பா. ஊர உட்டுப்போட்டு எப்படிங்க வாரது?

– எந்த ஊருக்கு?

– பொன்னூத்து.

– பொன்னூத்தா? பொங்கலூருப் பக்கமா?

– இல்லீங்க. அது ஆட்டத்துல இருக்கற ஊரு. போன் லைன் வழியா எந்தெந்த நாட்டுலயோ இருக்கறவங்க சேந்து ஆடறது. படங்கூடக் கெடையாதுங்க, எல்லாம் எழுத்துதான். 'வடக்க போ'ன்னு அடிச்சா வடக்க போவோம். 'கல்லு வையி'ன்னு அடிச்சா சுவரு எந்திரிக்கும். இருவத்திரண்டு பேரு எட்டு மாசமாப் பாடுபட்டு ஒரு ஊரே கட்டிப்போட்டமுங்க. மதிலு, சந்தை, சத்திரம், ஆத்துக்கு ஒரு பாலம்.

– அட சாமி! இல்லாத ஊருக்குத் தலைவரு. இதக் கேக்கவா நான் தறிய நிறுத்திப்போட்டு வந்தேன்?

– இல்லாத ஊரா இருந்தா அதப் புடிக்கறதுக்கு எதுக்குங்கப்பா முப்பத்தொரு பேரு வாராங்க?

– புடிக்க வந்தாங்களா? ஆரு?

– கழுகுப் படைன்னு ஒரு கூட்டமுங்க. கத்தி கபடா எடுத்துட்டு வரல. ஓட்டுப் போட வந்தாங்க.

– ஓட்டா?

– ஆமாங்க. ஆட்டத்துல ஒரு சட்டம். ஒரு ஊரு மதிலுக்குள்ள ஏழு ராத்திரி தொடந்தாப்பல படுத்துத் தூங்கினா அவன் அந்த ஊர்க்காரன், அவனுக்கு ஓட்டு உண்டு. தூக்கம்னா, நாம ஆட்டத்த முடிச்சுட்டு எந்திரிக்கறப்ப நம்ம ஆளு எந்த எடத்துல கெடக்கறானோ அதுதான். ஞாயித்துக்கெழம எங்களுக்குத் தலைவர் எலெக்சன். அதுக்கு முந்தின ஞாயித்துக்கெழமயே இவங்க வந்து சத்திரத்துல ஆளுக்கொரு கட்டலப் புடிச்சுப் படுத்துட்டாங்க.

– இரு இரு. நீங்க இருவத்திரண்டு, அவனுக முப்பத்தொண்ணு. ஏழு நாளு முடிஞ்சு எட்டாம் நாளு ஓட்டு. அட, வெவரமான பயலுக! செயிச்சா என்ன பண்ணுவானுகளாம்?

– ஏற்கெனவே ரெண்டு ஊர இப்படிப் புடிச்சிருக்கறாங்க. செயிச்ச மறுநிமிசம் பழைய சனத்தப் பூராம் வெளிய தொரத்திக் கதவச் சாத்திக்குவாங்க. மலேசியாவுல இருந்து ஒரு டீச்சர் ஆடறாங்கப்பா. எங்க பாலத்தக் கட்டினது அவங்கதான். நெசத்துல அவங்களுக்குக் கால் வராது. 'எனக்கு நடக்கறதுக்குன்னு இருக்கறது இந்த ஊரு ஒண்ணுதான் கலா'ன்னு எழுதியிருந்தாங்க.

– அப்பறம் என்ன, கட்டலோட தூக்கி வெளிய எறிய வேண்டியதுதான?

– தூங்கறவங்களத் தொடக் கூடாதுங்க. அதுவும் சட்டம்.

– நீயும் வெளிய இருந்து அம்பது பேரக் கொண்டாந்து படுக்கப் போடறது!

– எனக்கு வெவரம் தெரிஞ்சதே புதன்கெழமதானுங்க. ஏழு ராத்திரிக்கு எங்க போறது?

– அப்பத் தோத்துப்போட்டியா அம்மணி?

– சட்டத்த மொதல்ல இருந்து மூணு தடவ படிச்சனுங்க. 'மதிலுக்குள்ள'ன்னுதான் இருக்குது. மதிலு எந்த எடத்துல இருக்கோணும்னு ஒரு வரி இல்ல. மதிலக் கட்டறதும் இடிக்கறதும் தலைவரு உரிமை, அப்பவும் தலைவரு நாந்தானுங்க. சத்திரம் மேக்கு மதில ஒட்டி இருக்குது. அந்த மதில இடிச்சு, சத்திரம் வெளிய போறாப்பல இந்தப் பக்கமாத் தள்ளிக் கட்டிப்போட்டமுங்க.

– என்னது?

– மூணு நாளு ஆளாளுக்குக் கல்லு சொமந்தாங்க. டீச்சர் மட்டும் நானூறு கல்லு. அதுக்குத்தான் நான் பஷீர் பாய் கடையிலயே கெடந்தது. சனிக்கெழம பொழுது எறங்க கடைசிக் கல்ல வெச்சனுங்க. ஏழாவது ராத்திரி அவங்க அதே கட்டல்லதான் படுத்தாங்க. ஊருதான் அவங்களுக்கு அடியில இருந்து நகந்துபோச்சு.

– மதிலக் கட்டறத ஒருத்தனுமா பாக்கல?

– தூங்க மட்டுந்தானுங்க வந்தாங்க. எங்க ஊரச் சுத்திப் பாத்தவன் ஒருத்தனில்ல.

– அட்ரா சக்க! ஏனுங்க, கேட்டீங்களா? இது எம்மவ! மதிலத் தள்ளிக் கட்டிப்போட்டு வந்திருக்கறா!

– அப்பா, மெதுவாங்க. பஸ் ஸ்டேண்டே பாக்குது.

– பாக்கட்டும்! நல்லாப் பாக்கட்டும்! அவனுக சும்மாவா உட்டானுக?

– புகார் பண்ணினாங்க. 'நாங்க சட்டப்படிதான் வந்தோம்'னு. ஆட்டத்த நடத்தறவங்க, 'மதிலும் சட்டப்படிதான் நகந்துது'ன்னு சொல்லிப்போட்டாங்க.

– உனக்கு எத்தன ஓட்டு?

– பத்தொம்பதுங்க.

– மூணு பேரு மாத்திப் போட்டிருக்கறான். ஆருன்னு கண்டுபுடிச்சியா?

– அது அவங்க உரிமைங்க. எதுத்து நின்ன பின்லாந்துக்காரரு நல்ல மனுசன். இப்பச் சந்தைய அவருகிட்டத்தான் குடுத்திருக்கறேன்.

– அதென்னமோ போ. ஆனா அந்தக் கூட்டத்த நெனச்சாத்தான் பத்தீட்டு வருது. ஓசிக் கட்டல்ல ஏழு நாளு படுத்துட்டு, பாடுபட்டவன் ஊர அமுக்கப் பாத்தானுகளே, களவாணிப் பசங்க! உனக்கு இந்த மூளை எங்கிருந்து வந்துது கண்ணு? உங்கம்மா வழியில ஆருக்கும் கெடையாது.

– உங்ககிட்ட இருந்துதானுங்கப்பா.

– அப்படிச் சொல்லு!

– சத்திரத்துல கட்டலெல்லாம் நெறஞ்சு கெடந்ததப் பாத்ததும் எனக்குச் சுருக்குன்னுச்சுங்க. தொண்ணூத்தாறுல நீங்க எலெக்சன்ல நின்னப்ப நம்ம தோட்டத்துச் சாளையிலயும் இப்படித்தான நாப்பது பேரு படுத்திருந்தாங்க.

– அது ஒறம்பர சனம், நம்ம சொந்தக்காரங்க. ஆனமலையில இருந்து நோம்பிக்கு வந்தாங்க.

– ஓட்டுக்குப் பேரு சேக்கற ஆபீசரு எழுதீட்டுப் போற வரைக்கும் இருந்தாங்க. மறுக்கா ஓட்டன்னிக்கு லாரியில வந்தாங்க. அத்தன பேருக்கும் சோறாக்கிப் போட்டது நானும் அம்மாவும். உங்களுக்கு எதுக்க நின்ன செங்கோடன் வாத்தியாரு ஒம்பது ஓட்டுல தோத்தாரு.

– நான் சட்டப்படிதான் செஞ்சேன் கலாமணி.

– கழுகுப் படையும் அதையேதானுங்க சொன்னாங்க.

– பல்லடம், பல்லடம்! சூலூரு, காரணம்பேட்டை, பல்லடம் ஏறுங்க!

– பஸ்ஸு வந்திருச்சுங்கப்பா. பொட்டிய எடுக்கட்டுங்களா?

– இரு. மூணு வருசமா இத மனசுலயே வெச்சிருந்தியா?

– ஆமாங்க.

– ஒரு வார்த்த ஏன் கேக்கல?

– அப்பப் பதனாறு வயசுங்க. என்னன்னு கேக்கறது? இப்ப நானும் ஒரு எலெக்சன்ல நின்னு செயிச்சிருக்கறேன். தலைவர்னு எம்பட பேரப் பாத்தாப் பெருமையா இருக்குதுங்கப்பா. உங்க பேரப் பாத்தா உங்களுக்கு இருக்குதுங்களா?

– வாத்தியாரு எதுக்க வந்தா நான் எதுக்குச் சந்துக்குள்ள திரும்பிப் போறேன்னு நெனைக்கற?

– ஐயா, ஒரே ஒரு சீட்டுத்தான் இருக்குது. ஏறறீங்களா, வண்டிய எடுக்கட்டுங்களா?

– ஒண்ணு போதுங்க தம்பி, வாரேன். பொட்டிய எடுக்காத கண்ணு. திருப்பி ஆஸ்டலுக்கே கொண்டுபோ. வார்டன் அம்மாவுக்கு நான் கடுதாசி எழுதறேன்.

– எம்மேல கோவமுங்களா அப்பா?

– அடுத்த எலெக்சன் ரெண்டாயிரத்தொண்ணுல. உனக்கு இருவத்தொண்ணு ஆயிருமில்ல?

– ஆயிருமுங்க. உங்களுக்கு ஓட்டுக் கேக்க வரோணுமுங்களா?

– எனக்கு எதுக்க நில்லு. சாளையில ஒரு பாய் விரிக்க மாட்டேன். தோக்கறதுன்னா எம்மவகிட்டயே தோத்துப்போட்டுப் போறேன்.