இடது கெண்டைக்கால்

அட, ஸ்கேனுக்கா இப்படி மூஞ்சிய வச்சிருக்க? நேத்து எனக்கும் அதே ஸ்கேன்தான் எடுத்தாங்க, நுரையீரல்ல ரத்தக்கட்டி இருக்கான்னு பாக்க. இங்க பாரு, பக்கத்து பெட்ல உக்காந்து வாயடிச்சிட்டு இருக்கேன்ல? பேரு என்ன, ரக்ஷனாவா? நான் அன்னம்மா. ஆன்ட்டின்னே கூப்பிடு லா.

ஒண்ணும் இல்லம்மா. கைல ஊசி குத்தி ஒரு மருந்து விடுவாங்க. உடனே உடம்பெல்லாம் கதகதன்னு வரும், கீழ ஈரமாயிட்ட மாதிரியே இருக்கும். ஐயோ, பெட்ட நனைச்சுட்டேன்னு கத்திட்டேன்! ஸ்கேன் எடுத்த மலாய்க்காரம்மா விழுந்து விழுந்து சிரிக்குது. எல்லாருக்கும் அப்படித்தான் தோணுமாம். சிரிக்கிறியா? சிரி, சிரி.

எனக்கா? ரெண்டு பக்கமும் கட்டி. மருந்து ஆரம்பிச்சாச்சு, கரைஞ்சிடும்னுட்டாங்க. நான் ஒரு மக்கு. மூச்சு வாங்குனப்ப வாயுன்னு நெனச்சு ஓமத் தண்ணிய குடிச்சுட்டு உக்காந்திருந்தேன். என் வீட்டுக்காரரு ரத்னவேல்தான் அள்ளிப் போட்டு டாக்ஸில ஏத்துனாரு.

எப்படி வந்துச்சா? தைப்பூசத்துக்கு பினாங்கு போயிட்டு, பஸ்ல பத்து மணி நேரம் கால தொங்கப் போட்டுட்டே வந்தேன். நடுவுல டாய்லெட் போகணுமேன்னு தண்ணி கூட குடிக்கல. வீட்டுக்கு வந்து பாத்தா இடது கெண்டைக்கால் பூசணிக்கா மாதிரி இருக்கு.

அப்புறம் நடந்த கூத்த கேளு. கல்யாணமாகி முப்பத்திரெண்டு வருஷம், ஒரு டம்ளர் தண்ணி எடுத்துக் குடுக்காத மனுஷன், தைலத்த எடுத்துட்டு வந்து என் கால மடில தூக்கி வச்சுகிட்டாரு! அரை மணி நேரம் அமுக்குனாரு லா. வலில உயிர் போச்சு. நான் சொல்லுவேனா? சொன்னா நிறுத்திடுவாரே! இந்த வயசுல வெக்கம் வேற. அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சும்மா, பொய் சொல்லல. எழுந்து ரெண்டு எட்டு வச்சேன், மூச்சு அடைச்சிருச்சு.

யாராச்சும் கால அமுக்குனாங்களான்னு டாக்டர் கேட்டாரு. ஆமான்னேன், மெதுவா. அதுல கால்ல இருந்த கட்டி நகந்து நுரையீரலுக்கு ஏறியிருக்கலாமாம். அஞ்சு மணிக்கு என் வீட்டுக்காரரு வருவாரு, உன்கிட்டயும் பேச்சுக் குடுப்பாரு. பஸ்ல வந்ததாலதான்னு மட்டும் சொல்லு, என்ன? தெரிஞ்சா பாவம், அப்புறம் ஜென்மத்துக்கும் என் கால தொட மாட்டாரு.