காலை நாடி

உட்காரச் சொன்னதற்கு நன்றி, ஐயா. காலை பத்து மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்து எனக்குப் பழக்கமில்லை. நடுவில் எழுந்து நின்றுவிட்டால் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நின்றால்தான் எனக்குப் பேச்சு ஒழுங்காக வரும்.

நீங்கள் எழுதிய விசாரணை அறிக்கையை மாஸ்டர் எனக்குப் படித்துக் காட்டினார். என் தங்கை செத்ததற்குக் காரணம் பயிற்சியாளரின், அதாவது மாஸ்டரின், கவனக்குறைவு என்று அதில் இருக்கிறது. அவர் படித்து முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எழுதட்டும்மா. என் பொண்ணு மாதிரி இருந்தா. நான்தான் சரியா பாக்கலை," என்றார். எனக்குக் கோபம் வந்தது. நான் சித்தாள். கொத்தனாருக்குக் கல்லும் கலவையும் சுமந்து கொடுப்பவள். பத்தொன்பது வருஷத்தில் எத்தனையோ மாடிகள் என் தலை வழியாக ஏறியிருக்கின்றன. ஒரு சுவரிலும் என் பெயர் கிடையாது. அது போகட்டும். இதையாவது செய்தவள் பெயரில் எழுதுங்கள் என்று சொல்லத்தான் அரை நாள் வேலையை விட்டு வந்தேன்.

தங்கைக்கும் எனக்கும் பதினான்கு வயது வித்தியாசம். வீட்டில் அவளைக் குச்சி என்றுதான் கூப்பிடுவோம். பள்ளிக்கூடத்தில் சும்மா ஓடிக்கொண்டிருந்தவளை மாஸ்டர் பார்த்துப் பிடித்துக்கொண்டார். ஐந்து வருஷத்தில் மாரத்தான் ஓட வைத்தார். அவர் நல்ல மனிதர். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவருடைய பேச்சுதான் எனக்கு ஒத்துவரவில்லை.

நாடி பார்க்கச் சொல்லிக்கொடுத்தது அவர்தான். கட்டை விரலுக்குக் கீழே, மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து முழுதாக ஒரு நிமிஷம் எண்ண வேண்டும்.

"அவ கண்ணு முழிச்சதும் பாக்கணும்மா. எந்திரிக்கக் கூடாது, ஒரு வாய் தண்ணி குடிக்கக் கூடாது. அவளே எண்ணினா பயத்துல ஏறிக் காட்டும், அதனால நீதான் எண்ணணும். நாப்பத்தஞ்சுக்குள்ள இருந்தா ஓடலாம். அம்பதைத் தொட்டா மெதுவா. அம்பதைத் தாண்டினா அன்னிக்கு ஷூவையே எடுக்கக் கூடாது."

"படுத்தே கெடக்கணுமா மாஸ்டர்?"

"ஆமா. ஓய்வும் பயிற்சிதான். ஓடுறப்ப உடம்பு உடையுது. படுத்திருக்கிறப்பதான் கட்டுது."

நான் கட்டட வேலைக்காரி, ஐயா. படுத்துக்கொண்டு கட்டிய சுவர் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. ஆனால் அவரிடம் அதைச் சொல்லவில்லை. தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

எங்கள் அம்மாவும் சித்தாள்தான். காய்ச்சல் என்றால் தலையில் ஒரு துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போவாள். கான்கிரீட் போடுகிற நாளில் யாரும் நிற்க முடியாது. நின்றால் கலவை இறுகிவிடும். அப்படி வேலைசெய்துதான் எங்கள் இரண்டு பேரையும் வளர்த்தாள். நாற்பத்தொன்பதாவது வயதில் ஒரு நாள் சாரத்திலிருந்து இறங்கி மணல் குவியல் ஓரமாக உட்கார்ந்தாள். பிறகு எழுந்திருக்கவில்லை. அன்றைக்கு அவளுக்குக் காய்ச்சல் இருந்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

தங்கையின் ஓய்வு நாள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. எங்களுக்கு ஒரே அறை. அவள் தரையில் படுத்து இரண்டு காலையும் சுவரில் தூக்கிச் சாத்திக்கொள்வாள். நான் அவள் மேல் தாண்டித் தாண்டிச் சமைப்பேன். நெடுந்தூரம் ஓடிய நாட்களில், தண்ணீர் டிரம்மில் ஐஸ்கட்டி போட்டு இடுப்புவரை இறங்கி உட்காருவாள். சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்து அவளுடைய ஆடுசதையை எண்ணெய் போட்டு உருவிவிட வேண்டும். அதையும் மாஸ்டர்தான் சொல்லிக்கொடுத்தார். என் விரலில் சிமென்ட் கடித்த புண் இருக்கும். எண்ணெய் பட்டால் அந்தப் புண்ணுக்கு இதமாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒன்றை மறைத்து ஒன்றைச் சொல்ல நான் வரவில்லை.

அவள் சோம்பேறி இல்லை. கெட்டவளும் இல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.

ஒரு நாள் காலையில் நான் அவள் நாடியை எண்ணி முடித்ததும், "இப்ப உன் கையைக் குடுக்கா," என்றாள். படுத்தபடியே எண்ணினாள். எண்ணி முடித்துவிட்டு எழுந்து உட்கார்ந்தாள்.

"எண்பத்தாறுக்கா. மாஸ்டர் பாத்தார்னா உன்னைத் தூக்கி ஆஸ்பத்திரியில போட்டுருவாரு. இன்னிக்கு உனக்கு ஓய்வு நாள். போய்ப் படு."

"நான் படுத்தா மாடியில கான்கிரீட்டை யாருடி போடுறது? உங்க மாஸ்டரா?"

"நான் போறேன். குச்சி கலவைச் சட்டி தூக்கினா குச்சியே ஒடிஞ்சுரும்னு உங்க மேஸ்திரி சொல்லுவாரு. சொல்லிட்டுப் போகட்டும்."

ஆணியில் தொங்கிய என் வேலைச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டாள். கை நீளமாக இருந்தது. மடித்துவிட்டுக்கொண்டு கதவருகே நின்றாள். விளையாட்டுக்குச் செய்யவில்லை. நான் சரி என்றிருந்தால் உண்மையாகவே போயிருப்பாள். நான் சிரித்துக்கொண்டே அந்தச் சட்டையை அவளிடமிருந்து கழற்றி வாங்கிப் போட்டுக்கொண்டு போனேன்.

அன்றைக்கு மூன்றாவது மாடிக்குக் கலவை ஏற்றினோம். அதுவரை எனக்கு உடம்பு என்று ஒன்று தனியாக இருப்பதே தெரியாது. அவள் எண்ணிச் சொன்ன பிறகு, ஒவ்வொரு படியிலும் அது காதுக்குள் தட்டிக்கொண்டே இருந்தது. சட்டியை இறக்கி வைத்தாலும் தட்டியது. யாரும் கேட்காத ஒன்றை அவள் எதற்காக எண்ணினாள்? எண்ணிவிட்டு அவள் போய் வெயிலுக்கு முன் ஓடிவிட்டுக் காலைத் தூக்கிச் சுவரில் வைத்துக்கொள்வாள். எண்பத்தாறை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

அடுத்த வாரம் ஒரு காலையில் அவளுக்கு ஐம்பத்து மூன்று இருந்தது. "எத்தனைக்கா?" என்று கண்ணைத் திறக்காமல் கேட்டாள். "நாப்பத்துநாலு," என்றேன்.

"அப்படியா? காலு கனமா இருக்கே."

"மனசு கனமா இருக்கும். எந்திரி."

எழுந்து போனாள். அன்றைக்குத்தான் அவள் அதுவரை ஓடாத வேகத்தில் ஓடிவிட்டு வந்தாள். மாஸ்டர் எனக்கு போன் செய்து சொன்னார். அப்போது எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. மாஸ்டரின் கணக்கு தப்பு, எங்கள் அம்மாவின் கணக்குதான் சரி. அதற்குப் பிறகு அவள் நாடி என்ன சொன்னது என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை. மாஸ்டர் கொடுத்த நோட்டில் நாற்பத்து நான்கு, நாற்பத்து மூன்று, நாற்பத்தைந்து என்று மாற்றி மாற்றி எழுதினேன். ஒரே எண்ணை எழுதினால் சந்தேகம் வரும் என்று தெரிகிற அளவுக்கு எனக்குப் படிப்பு உண்டு. உங்கள் மேசை மேல் இருக்கிற அந்த நோட்டில் நான்கு மாதம் என் கையெழுத்துதான். அதில் ஒரு நாள்கூட உண்மை கிடையாது.

அவளுக்குத் தூக்கம் கெட்டது. மாதவிலக்கு நின்றுபோனது. தட்டில் வைத்ததை அளைந்துவிட்டு எழுந்துபோவாள், காரணமில்லாமல் அழுவாள். மாஸ்டர் நோட்டைப் பார்ப்பார், அவளைப் பார்ப்பார், மறுபடியும் நோட்டைப் பார்ப்பார். "நாடி நல்லாத்தானே இருக்கு, அப்புறம் என்னம்மா?" என்று அவளைத்தான் கேட்டார். அவளும் தனக்குத்தான் ஏதோ தைரியம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டாள். கவனக்குறைவு என்று எழுதினீர்களே, அவர் கவனித்ததெல்லாம் நான் கொடுத்ததைத்தான்.

பிறகு தேர்வு ஓட்டம் வந்தது. முதல் மூன்று பேருக்கு நிரந்தர வேலை, சீருடையோடு. அது கிடைத்தால் அவள் சட்டி தூக்க வேண்டியதில்லை. நான் செய்ததெல்லாம் அதற்காகத்தான் என்று நீங்கள் எழுதினால் எனக்கு ஆட்சேபணை இல்லை. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஓட்டத்துக்கு ஒரு வாரம் முன்னால் அவளுக்குத் தொண்டை கட்டியது, உடம்பு காய்ந்தது. மாஸ்டரிடம் லேசான சளி என்று சொல்லச் சொன்னேன். சொன்னாள். காலை நாடி ஐம்பத்தெட்டு, அறுபத்து நான்கு என்று ஏறிக்கொண்டே போனது. நான் தெரியாமல் செய்துவிட்டேன் என்று எழுதிவிடாதீர்கள். மைதானத்தில் எல்லாப் பிள்ளைகளையும் நிற்க வைத்து மாஸ்டர் சொன்னபோது நானும் தண்ணீர்க் குடத்தோடு பக்கத்தில் நின்றேன். "காய்ச்சலோட ஓடாதீங்க. அது கால்ல நிக்காது, நெஞ்சுக்கு ஏறிடும்," என்றார். நன்றாகக் கேட்டேன். கேட்டுவிட்டுத்தான் செய்தேன்.

ஓட்டத்தன்று காலையில் எழுபத்தொன்று. தப்பாக எண்ணியிருப்பேனோ என்று மறுபடியும் எண்ணினேன். எழுபத்தொன்றுதான். அவள் கை என் விரலுக்குச் சுட்டது.

"அம்பதைத் தாண்டியிருந்தா சொல்லுக்கா. விட்டுரலாம். மூணு மாசத்துல இன்னொரு தேர்வு வருது."

மூன்று மாதம் என்பதை அவள் அடுத்த பஸ் என்பது போலச் சொன்னாள். அந்த மூன்று மாதத்தையும் யார் மாடிக்கு ஏற்றி இறக்குவது என்று அவள் நினைத்துப் பார்த்திருக்க மாட்டாள். அல்லது நினைத்திருப்பாளோ என்னவோ. நான் கேட்கவில்லை.

"நாப்பத்தஞ்சு," என்றேன்.

"அப்ப நான்தான் பயந்து சாகுறேன் போலிருக்கு," என்று சிரித்துவிட்டு ஷூவை மாட்டினாள். இடது கால் முடிச்சு விரலுக்கு அகப்படவில்லை. நான்தான் போட்டுவிட்டேன்.

முப்பதாவது கிலோமீட்டர் தண்ணீர் மேசையில் அவளுடைய பாட்டிலோடு நின்றேன். நான்காவதாக வந்தாள். முகம் பழைய காகிதம் மாதிரி இருந்தது. பாட்டிலை வாங்கினாள், குடிக்கவில்லை. "இன்னும் ஒருத்தியைத் தாண்டினா போதும், பிடிச்சுரு," என்றேன். என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனாள். திருப்பம்வரை போனாள். விழுந்தாள் என்று உங்கள் அறிக்கையில் இருக்கிறது. அவள் விழவில்லை. சுமையை இறக்கி வைக்கிறவள் மாதிரி மெதுவாக உட்கார்ந்தாள், பிறகு படுத்தாள்.

தூக்கிக்கொண்டு முதலுதவிக் கூடாரத்துக்குப் போனோம். அங்கே இருந்தது சின்ன வயது டாக்டரம்மா. பதற்றப்படவில்லை. மாஸ்டர் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். வெயிலில் சுருண்டிருந்தால் அங்கேயே ஐஸ் வைத்து, ஊசி வழியாக வேகமாகத் தண்ணீர் ஏற்ற வேண்டும் என்றார் டாக்டரம்மா. நெஞ்சில் கோளாறு என்றால் அப்படி ஏற்றவே கூடாது, உடனே வண்டி வரவழைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும் என்றார்.

"ஓடின உடம்பு எப்படியும் சூடாதான் இருக்கும், நாடியும் வேகமாதான் இருக்கும். இப்பப் பாத்து ஒண்ணும் சொல்ல முடியாது. காலையில நாடி எவ்வளவு?"

"நோட்டுல நாப்பத்தஞ்சு போட்டிருக்கு," என்றார் மாஸ்டர்.

"நோட்டை விடுங்க சார். எண்ணினது யாரு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். டாக்டரம்மா என் தோளைத் தொட்டார்.

"அக்கா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. காய்ச்சல் ஏதும் இருந்துச்சா, நாடி ஏறியிருந்துச்சா? அப்படின்னா இது வேற வைத்தியம். ஆறு மாசம் படுக்கையை விட்டு எந்திரிக்கக் கூடாது. ஆனா பொழைச்சுக்குவா."

இதை மட்டும் நான் சொல்கிற மாதிரியே எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. அப்போது அவளுடைய ஓட்டம் முடிந்துபோயிருந்தது. வேலையும் போய்விட்டது. பொய்யால் அவளுக்கு ஆக வேண்டியது எதுவும் பாக்கி இல்லை. அவளுக்கு மூச்சு இருந்தது, கண் பாதி திறந்து என் பக்கம்தான் இருந்தது. அதற்குப் பிறகும் நாற்பது நிமிஷம் உயிரோடு இருந்தாள். டாக்டரம்மா சொன்னதில் பிழைச்சுக்குவா என்பதும் எனக்குக் கேட்டது, ஆறு மாதம் என்பதும் கேட்டது. ஆறு மாதம் அவள் காலை நீட்டிப் படுத்திருப்பாள், நான் தினமும் அவளைத் தாண்டிக்கொண்டு வேலைக்குப் போவேன்.

"நாப்பத்தஞ்சுதான் டாக்டரம்மா," என்றேன். "ரெண்டு தடவை எண்ணினேன்."