திரும்பிப் போவம் என்றவர்

எண்பதுகளில் ஒரு செப்டம்பர் மாலை. ஒனிஹங்கா என்ற புறநகருக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு தாதிமார். ஒருவர் யாழ்ப்பாணத்துக்காரர், மற்றவர் மலேசியத் தமிழர்.

"பயந்த மனுசன் எண்டுதான் நான் அவரைக் கட்டினனான்," என்றார் யாழ்ப்பாணத்துப் பெண்.

"என்னக்கா சொல்றீங்க?"

"தெற்கிலை பனி எண்டு ரேடியோவிலை சொல்ல, அந்த நாள் ஞாபகம் வந்திட்டுது. இங்கை வந்த புதுசிலை, கூட வேலை செய்த ஆக்களோடை தெற்குத் தீவு மலைக்குப் போனனாங்கள். அவரும் வந்தவர். இப்ப மாதிரி இங்கத்தை வசந்தகாலம்தான், ஆனா ரெண்டு நாளாப் பனி கொட்டினது. அடுத்தநாள் நல்ல வெயில். சரிவைக் கடந்து மேலை போக வெளிக்கிட்டம். அவர் முன்னுக்குப் போய்க் காலை வைக்க, பனிக்குள்ளை 'வும்' எண்டு ஒரு சத்தம். நீளமா வெடிப்பு ஓடிச்சுது. 'புதுப்பனி அடியிலை ஒட்டேல்லை. வெயில் ஏறினா எல்லாம் சரிஞ்சு வரும். திரும்பிப் போவம்' எண்டார்."

"கேட்டாங்களா?"

"பயந்தாங்கொள்ளி எண்டு சிரிச்சினம். அவர் விடேல்லை. எல்லாரையும் தங்கின குடிசைக்கே கூட்டிக்கொண்டு வந்திட்டார். மத்தியானம் இடி மாதிரிச் சத்தம். வெளியிலை வந்து பாத்தா, நாங்கள் போக இருந்த பாதையே இல்லை. முழுக்கப் பனி."

"நான் சொன்னேனேன்னு சொல்லியிருப்பாரே?"

"இல்லை. அவர் அடுப்பை மூட்டித் தேத்தண்ணி வைச்சார். கோப்பையைத் தரேக்கைதான் பாத்தன், அவற்ரை கை நடுங்கிக்கொண்டிருந்தது."

"நீங்க என்ன சொன்னீங்க?"

யாழ்ப்பாணத்துப் பெண் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

"அந்தக் கையைப் பிடிச்சன்."