வன்னியம்பட்டியில் இரண்டாவது அளவு

இராஜபாளையம் ரயில் நிலையத்தில், காசு போட்டால் எடை அச்சடித்த அட்டை தரும் மெஷின் ஒன்று உண்டு. நான் அதில் இரண்டு முறை ஏறுவேன். இரண்டு அட்டையும் ஒத்துப்போனால்தான் நம்புவேன். என் மனைவி பரிபூரணம் இதை ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். சிரிக்கட்டும், இன்ஸ்பெக்டர் சார். என் பிழைப்பே அதுதான்.

நான் ஒரு விதைக் கம்பெனியின் ஆய்வகப் பொறுப்பாளர். டி.என்.ஏ. பார்க்கும் கருவிகள் எங்களுக்குத் தொண்ணூற்றைந்தில் வந்தன. வீரியப் பருத்தி விதையை முளைக்கவைத்து, இலையிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்துச் சோதித்தால் கோடு கோடாகத் தெரியும். தாயின் கோடும் தகப்பனின் கோடும் சேர்ந்து விழுந்தால் நல்ல ஒட்டு விதை. தாயின் கோடு மட்டும் விழுந்தால் ஒட்டு சேரவில்லை. செடி ஓங்கி வளரும், காய் பிடிக்காது. கேட்க எளிது. ஆனால் எடுக்கிற டி.என்.ஏ. ஒரு துளி கூடினாலோ குறைந்தாலோ கோடுகள் கண்ணாமூச்சி ஆடும். காலையில் ஒரு பதில், மாலையில் வேறொரு பதில்.

அடுத்த தை மாதம் அப்படி ஒரு லாட்டு, அதாவது ஒரே தொகுதி விதை மூட்டைகள், வந்தது. உதவியாளர் செல்லக்கனி சோதித்தபோது பாதிக்குமேல் தாயின் கோடு மட்டும். நான் சோதித்தபோது எல்லாவற்றிலும் இரண்டு கோடும் சுத்தமாக விழுந்தன.

"சந்தேகம் வந்துட்டுல்லா சார், எரிச்சிருவோம்" என்றாள்.

எரித்தால் விதை போகும், சந்தேகம் போகுமா? நிலத்தில் ஊன்றிப் பார்ப்பதுதான் முறை. கம்பெனித் தோட்டத்தில் ஆட்கள் தண்ணீர் பாய்ச்ச மறந்துவிடுவார்கள். எனவே வன்னியம்பட்டி சங்கையாவைத் தேர்ந்தெடுத்தேன். அந்த வட்டாரத்தில் அவரைப்போல் பருத்தி வளர்க்க ஆள் கிடையாது. நல்ல விவசாயியிடம் கொடுத்தால்தான், விளையாவிட்டால் பழி விதைமேல் மட்டும் விழும்.

மாசியில் விதையைச் சும்மாவே கொடுத்தேன். மற்றவர்களைப் போல விற்கிற ஆள் நான் இல்லை.

"சார் குடுத்தா மறுபேச்சு உண்டா? காடு முழுக்க இதையே ஊண்டிருதேன்" என்றார் சங்கையா. எனக்குச் சந்தோஷம். விதைமேல் சந்தேகம் இருப்பதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் பயந்துபோய் உரத்தைக் கூட்டிப் போடுவார், சோதனை கெட்டுவிடும்.

செடி ஆளுயரம் வந்தது. காய் பிடிக்கவில்லை. ஆடி பிறந்ததும், புழுவுக்கு வாங்கிவைத்த மருந்தைச் சங்கையா குடித்துவிட்டார். சாவு வீட்டுக்குத் துட்டி கேட்கப் போனேன். போகிற வழியில் அவருடைய பருத்திக் காட்டில் இறங்கி, செடிகளை நன்றாகப் பார்த்துக்கொண்டேன். செல்லக்கனி பார்த்தது சரிபோலத்தான் இருந்தது.

"இப்பவாது எரிச்சிருவோம் சார்" என்று அவள் அழுதாள். நல்ல பெண். ஆனால் படிப்பில் ஒரு ஓட்டை. ஒரு காடு என்பது ஒரே ஒரு அளவு, எடை மெஷினின் முதல் அட்டை மாதிரி. அந்த வருஷம் வெயிலும் கொஞ்சம் அதிகம். வெயிலா விதையா என்று யார் சொல்வது? மறுபடி பார்க்காமல் ஒரு விதையைக் குற்றம் சொல்வது நியாயமா?

மறுபடி பார்க்கும்போது மண், கிணறு, விதைக்கிற பட்டம், கைப்பக்குவம் எல்லாம் அதேபோல இருக்கவேண்டும். இது பாடப்புத்தக விதி. அப்படி ஒரே ஒரு இடம்தான் இருந்தது. அடுத்த மாசி மாதம், குளிர் அறையில் பத்திரமாக வைத்திருந்த அதே லாட்டை எடுத்துக்கொண்டு சங்கையாவின் மனைவி வெள்ளைத்தாயிடம் போனேன்.

"அவிய போன பொறவு இந்தப் பக்கம் எட்டிப் பாத்தது நீங்க ஒருத்தர்தான் சார்" என்றார். காபி போட்டுத் தந்தார். கணவர் செய்த மாதிரியே செய்யச் சொன்னேன். வரி பிசகாமல் செய்தார். அதை நான் பாராட்டியாகவேண்டும்.

ஆடியில், காய் பிடிக்காத ஒரு செடியை வேரோடு பிடுங்கிக்கொண்டு ஆய்வகத்துக்கே வந்துவிட்டார்.

"போன வருசமும் இதே வெதைதானா சார்?"

"ஆமாம்மா."

"தெரிஞ்சேவா குடுத்திய?"

"போன வருஷம் சந்தேகம்தாம்மா. இப்போதான் உறுதியாச்சு. எல்லாம் உங்க உழைப்பு" என்று எழுந்து நின்று கைகூப்பினேன். அவர் செடியை என் மேஜைமேல் போட்டுவிட்டுப் போனார். காட்டை விட்டுவிட்டு, இப்போது தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிறாராம்.

அன்றைக்கே அந்த லாட்டை எரித்தேன். ஒரு மூட்டைகூடக் கடைக்குப் போகவில்லை. எத்தனையோ காடுகள் தப்பின. செல்லக்கனி உங்களிடம் புகார் கொடுத்ததில் எனக்கு வருத்தமில்லை. அவள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. சங்கையாவுக்குச் சந்தேகத்தோடு கொடுத்தேன், வெள்ளைத்தாய்க்குக் கிட்டத்தட்டத் தெரிந்தே கொடுத்தேன். எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் குடும்பத்தின்மேல் நான் வைத்திருந்த மரியாதையையும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள் சார். வேறு யாரை நம்பி அதைக் கொடுத்திருப்பேன்?