பொத்தான் வைக்காத சட்டை

கொழுந்தன்: …இந்த நீலச் சட்டை எதிர்வீட்டுக் கொடிக்கா, அண்ணி?

அண்ணி: ஆமா. நனைச்சுப் போடு. காய்ஞ்ச துணியை யாராவது காயப் போடுவாங்களா?

கொழுந்தன்: தைக்கக் கொடுத்தவங்க பார்த்தா உங்க கடைக்கே ஒரு பெரிய கும்பிடு போட்டுடுவாங்க.

அண்ணி: தெருவே போனப்புறம் தையல்கடை எதுக்கு? பக்கத்துத் தெருவுல கணக்கெடுக்க வந்தவங்க பாதி வீடு காலின்னு எழுதிட்டுப் போனாங்க. குழாயை அடைச்சாங்க, தெருவிளக்கைப் பிடுங்கினாங்க. இங்க நாலு வீடு பூட்டிக் கிடக்குன்னு தெரிஞ்சா நமக்கும் அதே கதிதான்.

கொழுந்தன்: அது வந்து அண்ணி… நான் உங்ககிட்ட ஒண்ணு…

அண்ணி: அப்புறம் சொல்லு, ஆள் வந்தாச்சு. வாங்க சார்! வீடு கணக்கெடுக்கவா?

அதிகாரி: ஆமாம்மா. எதிர்வீட்டுல யாரு?

அண்ணி: புருஷன் பொண்டாட்டி. ரெண்டு பேரும் வேலைக்குப் போயிருக்காங்க.

அதிகாரி: அடுத்த வீடு?

கொழுந்தன்: அவங்களும் வேலைக்குத்தான்.

அதிகாரி: ரொம்பச் சுறுசுறுப்பான தெருதான்! அந்தக் கோடி வீட்டுக் கொடி மட்டும் வெறுமனே கிடக்குதே?

அண்ணி: அது இவன் வீடு சார். துணி துவைக்கச் சோம்பல்.

கொழுந்தன்: …ஆமா சார்.

அதிகாரி: சரி, எல்லா வீட்லயும் ஆள் இருக்கு. நான் கிளம்பறேன்.

அண்ணி: குழாயை அடைக்க மாட்டீங்களே?

அதிகாரி: அதெல்லாம் பழைய திட்டம்மா. இப்பக் காலி வீட்டைப் பழுது பார்த்து, வீடில்லாதவங்களைக் குடி வைக்கிறோம்.

அண்ணி: இதை முதல்லயே சொல்லக் கூடாதா?

அதிகாரி: சொன்னா ஆளாளுக்குச் சொந்தக்காரங்களைக் கொண்டாந்து நுழைச்சுடறாங்க. போகட்டும், இங்கதான் காலி வீடே இல்லையே…

அண்ணி: சார், ஒரு நிமிஷம்… அந்த நீலச் சட்டையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்க.

அதிகாரி: வரும்போதே பார்த்தாச்சு. பொத்தானே வைக்காத சட்டையை எந்த மகராசன் போட்டு அழுக்காக்கினானோன்னு யோசிச்சுட்டுத்தான் நிக்கறேன்.

அண்ணி: தெரிஞ்சும் கிளம்பறேன்னீங்களா?

அதிகாரி: பூட்டின வீட்டுக்கு அக்கம்பக்கம்தாம்மா சாட்சி. நீங்க வாயைத் திறக்காம நான் எழுத முடியாது.

அண்ணி: அப்ப எழுதுங்க. நாலு வீடு காலி. துணி தைக்கக் கொடுக்கறவங்களாப் பார்த்து அனுப்பி வைங்க, புண்ணியமாப் போகும்.

அதிகாரி: நாலு… சரிதானே தம்பி?

அண்ணி: அவனை என்ன கேக்கறீங்க? நான்தான் சொல்றேனே…

கொழுந்தன்: அஞ்சுன்னு போட்டுக்குங்க சார். கோவிச்சுக்காதீங்க அண்ணி… வெளியூர்ல வேலை கிடைச்சிருக்கு. நான் துவைக்காம இல்ல. துவைச்சு, காயவச்சு, எல்லாத்தையும் பெட்டியில அடுக்கிட்டேன்.