வெட்டக் கூடாத பாறை

ஆய்வகத்தின் புதிய பெயர்ப்பலகையில் எழுத்துகள் வெள்ளி நிறமா, பொன் நிறமா என்பதை மூன்று அமர்வுகளில் ஆராய்ந்த நம் துறைக் குழு, பொன் நிறமே என்று ஒருமனதாக முடிவெடுத்திருக்கிறது. அந்த முடிவுக்கும் இந்த விழாவுக்கும் தலைமை தாங்கும் முதல்வர் அவர்களே! பலகையில் பெயராகவும் மேடையில் நேராகவும் வீற்றிருக்கும் பேராசிரியர் ஐயா அவர்களே! சான்றோரே! பிள்ளைகளைப் படிக்க அனுப்பிவிட்டு நம்பிக்கையோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே! வணங்குகிறேன்.

இருபத்திரண்டு ஆண்டுகள் அமிலக் குழாய்களைக் கழுவிய ஆய்வக உதவியாளன் நான். ஐயாவின் பெருமையை நான் சொல்லாமல் யார் சொல்வது?

எண்ணெய்க் கிணற்றைச் சுற்றியுள்ள பாறை அடைத்துக்கொண்டால் என்ன செய்வது? அமிலத்தைச் செலுத்த வேண்டும். அது பாறையை அரிக்கும். அரித்த இடம் வழியாகும். வழி கிடைத்தால் எண்ணெய் வரும். மற்றவர்கள் நாற்பது நிமிடத்தில் துளைத்த பாறையை ஐயாவின் அமிலம் நாலே நிமிடத்தில் துளைத்தது! கட்டுரை வந்தது, விருது வந்தது, விழாவும் வந்தது. கை தட்டுங்கள், தயங்காதீர்கள். முன்வரிசை தட்டினால் பின்வரிசையும் தட்டும்.

சோதனையைச் செய்தவர் ஐயாவின் ஆய்வு மாணவி. ஐந்தாண்டு உழைப்பு, பட்டத்துக்கு ஒரே ஒரு கையெழுத்து பாக்கி. அந்த நேரம் பார்த்து அவர் சோதித்த பாறைத் துண்டை இரண்டாக வெட்டினார். உள்ளே வழி இருந்ததா? இல்லை. ஊசி நுழையும் ஓட்டையாவது இருந்ததா? அதுவும் இல்லை! பாறையைச் சுற்றிய ரப்பர் உறை தளர்ந்து, அமிலம் ஓரமாகவே ஒழுகி வெளியேறியிருக்கிறது. துண்டை எடுத்துக்கொண்டு ஐயாவிடமே போனார்.

"சார், இது பாறைக்குள்ள போகவே இல்ல சார்."

"யாரும்மா உன்ன வெட்டச் சொன்னது?"

"வெட்டாம எப்படி சார் தெரியும்?"

"இத்தனை வருஷமா நான் வெட்டியா பாத்தேன்?"

"அதான் சார்..." என்று நிறுத்திக்கொண்டார். நான் குழாய் கழுவுவதில் மும்முரமாக இருந்தேன்.

அங்கே யாரோ, "இதெல்லாம் இங்க எதுக்குய்யா?" என்கிறார். பாராட்டத்தானே கூப்பிட்டீர்கள்? பாராட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

கல்லைத் திறந்து காட்டியது குற்றமா? கண்ணை மூடிக்கொண்டது கல்வியா? பாறையை அரிக்காத அமிலம் ஒரு பெண்ணின் ஐந்தாண்டை அரிக்கலாமா? புது உறை போட்டு இன்னொரு முறை செய்யலாமா என்றுதானே கேட்டார்? அன்று வாய் திறக்காத நான் இன்று கேட்கிறேன்: செய்யலாமா, கூடாதா?

முதல்வர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பொறுமையாகக் கேட்டவர்களுக்கும், பாதியில் எழுந்தவர்களுக்கும் என் நன்றி, வணக்கம். நிகழ்ச்சி நிரலில் ஓர் அறிவிப்பு விட்டுப்போயிற்று: துறைச் சொத்தான பாறையை வெட்டிச் சேதப்படுத்தியதற்காக, அந்த மாணவியின் ஆய்வுப் பதிவு நேற்று ரத்து செய்யப்பட்டது.