குகையில் விட்டுவிட்டு ஓடியவன்

"போன வருஷம் நான் செத்ததே உன்னாலதான்," என்றான் பின் சீட்டில் இருந்த மீசைக்காரன். டுரியான் துங்காலிலிருந்து மலாக்கா போகும் பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தோம்.

"குகையில டிராகன் வந்தா ஓடாம என்ன செய்றது? அது வெறும் கேம்லா," என்றான் பக்கத்திலிருந்த கண்ணாடிக்காரன். "வருஷா வருஷம் கோலாலம்பூர் ஹால்ல ஊர்ப்பட்ட பேரோட மேசையைச் சுத்தி உட்கார்ந்து தாயக்கட்டை உருட்டி ஆடுறோமே, அந்தச் சுகம் வேற எதுல வரும்? இந்த வருஷமும் போறோம்தானே?"

"தெரியல. என் பையில அந்தத் தாயக்கட்டை கிடந்ததை, எனக்குப் பார்த்திருக்கிற பொண்ணோட அப்பா பார்த்துட்டாரு. நான் சூதாடியாம், கல்யாணம் வேணாங்கிறாரு."

"அதுக்குத்தான் என்னை மலாக்காவுக்குக் கூட்டிட்டுப் போறியா?"

"கூட ஆடுனவன் நீ வந்து சொன்னாத்தான் நம்புவாரு."

"அவரு கோபம் வந்தா கை நீட்டுற ஆளாச்சே."

வழியில் ஒரு நிறுத்தத்தில் பஸ் நின்றது. கண்ணாடிக்காரன் எழுந்து வேகமாக முன்வாசல் பக்கம் நடக்கப் போனான். மீசைக்காரன் எட்டி அவன் சட்டையைப் பிடித்தான்.

"இந்தத் தடவையாவது ஓடாதடா."